துருவை மட்டும் பார்த்த கண்

சேப்ப இலையில் விழுந்த மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்க்காதவர்கள் அந்தமானில் கிடையாது. வேலியோரம், சாக்கடையோரம், எங்கே பார்த்தாலும் அந்த இலைதான். ஆனால் அதே காரியத்தை ஓர் இரும்புத் தகடு செய்ததைப் பார்த்தபோது, போர்ட் பிளேர் ஆராய்ச்சி நிலையத்தின் கூட்ட அறையில் இருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். சொட்டுக் குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் தகட்டின் மேல் முத்தாக நின்றது. லேசாகச் சாய்த்ததும் ஓடி மேசையில் விழுந்தது. தகட்டில் ஈரத்தின் சுவடுகூட இல்லை.

விசாலாட்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தகட்டைக் கொண்டுவந்த உதயா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பத்துப் பெண். சுனாமியில் வீடு போனது. நிவாரணத்துக்குப் போட்ட தகர ஷெட்டில் இருந்தபடி பள்ளிப் படிப்பை முடித்து, மெயின்லேண்டில் டாக்டர் பட்டம் வரை வாங்கித் திரும்பியிருந்தாள்.

"ரெண்டே வருசத்துல அந்தத் தகரம் பூரா ஓட்டையாப் போச்சுங்க சார்," என்று இயக்குநர் ராஜமாணிக்கத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மழை வந்தா உள்ளுக்கும் மழைதான். இரும்பை உப்புக்காத்து எப்பிடித் திங்குதுன்னு அங்கதான் மொதமொத யோசிச்சேன்."

ராஜமாணிக்கத்தின் கண் பளபளத்தது. விசாலாட்சிக்கு அடிவயிற்றில் ஏதோ காந்தியது. 'இவளிடம் சொல்வதற்கு ஒரு கதையும் இருக்கிறது. எனக்குத் தரவு மட்டும்தான்' என்று நினைத்தாள். வீடிழந்து நின்ற ஒருத்தியின் துயரத்தைப் பார்த்தா பொறாமைப்படுகிறோம் என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கம் வந்ததால் காந்தல் அடங்கிவிடவில்லை.

அவளுக்கும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. இரும்புக்கு முதல் பூச்சாகப் பூசும் ஒரு ப்ரைமர். துத்தநாகத் தூளும், களிமண்ணிலிருந்து பிரித்த மிக மெல்லிய ஏடுகளும் கலந்தது. உப்புத் தண்ணீர் இரும்பைத் தொட வேண்டுமானால் அந்த ஏடுகளுக்கு நடுவே சந்து சந்தாகச் சுற்றி வர வேண்டும். அப்படியே வந்து சேர்ந்தாலும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். ஐந்து வருஷ உழைப்பு. வண்டூர் போகிற வழியில், சுனாமியின்போது நிலம் தாழ்ந்து பாதி முங்கிப்போன ஒரு பழைய படகுத்துறை ஜெட்டியில் அவளுடைய தகடுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் துரு அவற்றின் ஓரத்தைக்கூடத் தாண்டவில்லை.

என்ன செய்வது, பார்ப்பதற்கு அவை எருமைத் தோல் மாதிரி இருந்தன. துரு பிடிக்காமல் இருப்பதை யாரும் எழுந்து நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

அதன் பிறகு நிலையத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் நேரே உதயாவின் அறைக்குத்தான். இரும்பை அமிலத்தில் அரித்து, மயிரிழையை ஆயிரமாகப் பிளந்தது போன்ற ஊசிகளை அதில் எழுப்பி, மேலே மெழுகு போல ஒரு படலம் ஏற்றியிருப்பதாக உதயா விளக்குவாள். "ஊசிக்கு நடுவுல காத்து அடைஞ்சிருக்கு சார். தண்ணி அந்தக் காத்து மேலதான் நிக்குது, இரும்பைத் தொடவே இல்ல." அவர்கள் ஆளுக்கொரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சிலர் செல்போனில் படம் எடுப்பார்கள். அடுத்த கதவுதான் விசாலாட்சியின் ஆய்வுக்கூடம். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும்.

"கடல்ல போட்டாத் தெரியும்," என்றாள் ஒருநாள் தன் கணவனிடம். கோவிந்தராஜுக்கு ஹட்டோ துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. "கண்ணாடித் தட்டுல சொட்டு விட்டு விளையாடறது வேற, கடல் வேற."

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லேன் அதை."

"நான் எதுக்குச் சொல்லணும்? டாக்டர் பட்டம் வாங்கியிருக்காள்ல."

மனைவியின் முகத்தில் இப்படியொரு சிடுசிடுப்பைக் கோவிந்தராஜ் சமீபமாகத்தான் பார்க்கிறார்.

கடலில் போடும் திட்டத்தை உதயா விளக்கப்போகும் நாளன்று விசாலாட்சி தலைவலி என்று லீவு எடுத்துக்கொண்டாள். தலைவலி இல்லை. அந்தக் குரலை ஒரு மணி நேரம் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

மழைக்காலம் ஓய்ந்ததும் உதயாவின் தகடுகளை அதே பழைய ஜெட்டியில் மாட்ட முடிவாயிற்று. இடத்துக்குப் பொறுப்பு விசாலாட்சி என்பதால் போகாமல் இருக்க முடியவில்லை. படகோட்டி மண்டல், உதயா, அவள் மூவரும் போனார்கள். நீர் வற்றியிருந்தது. உதயா சுடிதாரை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, சேற்றில் நின்று, ஒவ்வொரு தகடாகச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினாள்.

விசாலாட்சி அப்போதுதான் அதைக் கவனித்தாள். போல்ட்டுகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தகடோ சாதாரண இரும்பு. நடுவில் நைலான் வாஷர் இல்லை. கடல் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால், இரண்டில் இளைத்தது சீக்கிரம் அழியும். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதல் வருஷத்தில் படிக்கிற பாடம் அது. தகட்டின் மேல் என்ன மாயப் பூச்சு பூசியிருந்தாலும் போல்ட்டைச் சுற்றித் துரு கிளம்பத்தான் செய்யும். பார்க்கிறவர்கள் பூச்சுதான் தோற்றது என்பார்கள்.

விசாலாட்சியின் தோள்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய நைலான் வாஷர் இருந்தது. கையை உள்ளே விட்டாள். கவர் சரசரத்தது. உதயா நிமிர்ந்து பார்த்து, "ஏதாச்சும் வேணுமா மேடம்?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நீ பாரு."

"தீதி, பானி சட் ரஹா ஹை, ஜல்தி!" என்று மண்டல் படகிலிருந்து கத்தினான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. விசாலாட்சி கையை வெளியே எடுத்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எதையும் கெடுக்கவில்லை. யாருடைய தகட்டையும் தொடவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நியாயம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு வைத்த மீன் குழம்பு அவளுக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஜெட்டிக்கு அடிக்கடி போகத் தொடங்கினாள். தன் தகடுகளைப் பார்க்கப் போவதாகப் பேர். தன்னுடையவற்றைக் கண்ணால் தடவிவிட்டு நேரே பக்கத்துச் சட்டத்துக்குத்தான் போவாள். முதலில் தகடுகள் வெள்ளி போலப் பளபளத்தன. தண்ணீருக்குள் இருக்கும்போது அடைபட்ட காற்று ஒரு கண்ணாடி மாதிரி மின்னியது. பார்க்கிற அவளுக்கே மூச்சு நின்றது. அழகாக இருக்கிறது என்று மனம் சொன்னதும், அதன் வாயை அடைத்தாள். சில வாரங்களில் மினுக்கம் மங்கிற்று. காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் கரைந்து போயிருக்க வேண்டும். பாசி வந்தது. பிறகு, படகின் அடியில் ஓடோடு ஒட்டி வளருமே, அந்தக் கொட்டலசு ஒட்டத் தொடங்கியது. அதற்கும் பிறகு ஒருநாள், போல்ட்டைச் சுற்றி வெற்றிலை எச்சில் மாதிரி ஒரு செந்நிறக் கோடு வழிந்திருப்பதைக் கண்டாள்.

அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது. திரும்பும்போது ஜங்க்லிகாட் சந்தையில் இறங்கி, பெரிய சுறா மீன் வாங்கிப் புட்டு செய்தாள். என்ன விசேஷம் என்று கோவிந்தராஜ் கேட்டார். சும்மாதான் என்றாள்.

தகடுகளை வெளியே எடுத்த நாளில் ராஜமாணிக்கம் முகம் கறுத்துப்போனார். துறைமுகப் பொறியாளர்கள் மெயின்லேண்டிலிருந்து வருவதாக இருந்தார்கள். பெரிய மேசையின் மேல், கடல் நாற்றத்தோடு, துருவும் கொட்டலசுமாகக் கிடந்தன தகடுகள்.

"என்ன இது? ஒரு வருஷம்கூடத் தாங்கலையே!" என்றவர் விசாலாட்சி பக்கம் திரும்பினார். "போல்ட்டுக்கு வாஷரே போடலையே, நீங்க கூடப் போனீங்கள்ல? பாக்கலையா?"

விசாலாட்சி வாயைத் திறப்பதற்குள் உதயா குறுக்கிட்டாள்.

"அது வேணும்னே போடாம விட்டது சார். அன்னிக்கு மீட்டிங்ல சொன்னேனே. மேடம் லீவு. வாஷர் போட்ட செட் ஒண்ணு ஹேவ்லாக்ல தொங்குது. ஜெட்டி கட்டுற காண்ட்ராக்டர் வாஷர் தேடிட்டா இருப்பாரு? கையில கெடச்ச போல்ட்டைப் போட்டு முடுக்கிட்டுப் போயிருவாரு. அப்பிடிப் போட்டா என் பூச்சு எப்பிடிச் சாகுதுன்னு எனக்குத் தெரியணும்."

விசாலாட்சிக்குக் காதுமடல் சூடாயிற்று. தான் ரகசியமாகக் காத்துக்கிடந்த தோல்வி இவளே ஏற்பாடு செய்துகொண்ட ஒன்று. ஜிப்பை மூடியதும், மாதக்கணக்காக மனதுக்குள் வழக்காடியதும் எல்லாம் வீண். தான் படைத்த பொருளை வேண்டுமென்றே சாகவிட்டுப் பார்க்கும் துணிச்சல் தனக்கு வருமா என்று நினைத்தாள். வராது. அதை நினைத்ததும் முன்னைவிடப் பல மடங்கு எரிந்தது.

"ஆனா சார், இதைப் பாருங்க." உதயா ஒரு தகட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். அதன் மேல்மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, பாசியும் இல்லை, கொட்டலசும் இல்லை, துருவும் இல்லை. "சட்டத்தைத் தூக்குற கப்பிக்கு நேர் கீழ தொங்கின தகடு இது. கப்பியில போட்ட எண்ணெய் சொட்டியிருக்கு. ஊசிக்கு நடுவுல காத்துக்குப் பதிலா எண்ணெய் போய் உக்காந்திருச்சு. காத்து கரைஞ்சு போயிரும், எண்ணெய் அப்பிடிப் போகாது. வெளிநாட்டுல இப்பிடிச் சிலர் செஞ்சு பாக்குறாங்க. நம்ம கடல்ல நிக்குமான்னு யாருக்கும் தெரியாது."

விசாலாட்சி அந்த மூலையையே பார்த்தாள். அந்தத் தகட்டை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள்! மண்டியிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறாள். துருவைத் தேடிப் போன கண்ணுக்குத் துரு மட்டும்தான் தெரிந்திருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு உதயா அவள் அறைக்கு வந்தாள். "மேடம், ஒண்ணு கேக்கணும். உங்க ப்ரைமர் மேல என்னோடதைச் செஞ்சு பாக்கலாமா? மேல உள்ளது போனாலும் கீழ உங்களோடது காப்பாத்தும்ல."

"ப்ரைமர் இன்னும் முடியல," என்றாள் விசாலாட்சி. பொய். "பார்முலா மாத்திக்கிட்டிருக்கேன். இப்பத் தர முடியாது."

"சரிங்க மேடம்." உதயா போய்விட்டாள்.

அன்றிலிருந்து விசாலாட்சிக்கு ஒரே வெறி. அந்த எண்ணெய்த் தகட்டை உதயாவுக்கு முன்னால் தான் செய்துவிட வேண்டும். உதயாவின் முறை அவளுக்கு வேண்டாம். இரும்பை அரித்து ஊசி எழுப்பினால் ப்ரைமருக்கு இடமேது? தன் ப்ரைமரில்தான் துத்தநாகம் நிறைந்து கிடக்கிறதே, அதிலிருந்தே ஊசி முளைக்க வைத்தால் என்ன? பூசிக் காய்ந்த தகட்டை மெல்லிய உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துத்தநாகத்தை வெளியே தெரிய வைத்து, சூடான கரைசலில் முக்கி வைத்தாள். முதலில் பூச்சு கொப்பளித்தது. சூட்டைக் குறைத்தாள். பிறகு ஒன்றுமே முளைக்கவில்லை. கரைசலை மாற்றினாள். கோவிந்தராஜ் திக்லிபூரில் ஒரு கல்யாணத்துக்கு அவளை அழைத்தார். வரவில்லை என்றாள். அவர் தனியாகப் பஸ் ஏறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நிலையத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. நுண்ணோக்கியின் திரையில் அவள் அதைக் கண்டாள். துத்தநாகத் துகள் ஒவ்வொன்றின் மேலும் ஊசிகள் அடர்ந்து, காட்டுப் பலாப் பிஞ்சு மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. அவளுடைய எருமைத் தோலிலிருந்து முளைத்த ஊசிகள். எண்ணெய் விட்டாள். ஊசிகள் அதைக் குடித்துக்கொண்டன. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துச் சாய்த்தாள். சொட்டு அவசரப்படவில்லை. உருளவும் இல்லை. வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது.

விசாலாட்சி சத்தமாகச் சிரித்துவிட்டாள். மறுபடி ஒரு சொட்டு. மறுபடி. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. கணவருக்கு போன் போட்டாள்.

"சொல்லு விசாலம். இங்க ஒரே கூட்டம்."

"துத்தநாகத்துலேர்ந்தே முளைச்சிடுச்சுங்க!"

"எது முளைச்சிச்சு? நல்லது, நல்லது. சாப்பிட்டியா?"

ராஜமாணிக்கத்திடம் சொல்லலாமா? சொட்டுக் குழாய் எங்கே என்றுதான் கேட்பார். அரித்த இரும்புக்கும் முளைத்த துத்தநாகத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன, அது ஏன் ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து சிரிக்க வைக்கும் என்று புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்தத் தீவில் ஒருத்திதான் இருந்தாள். அந்த உண்மை புரிந்தபோது விசாலாட்சிக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுரையைத் தனியாக எழுதி அனுப்பிவிடலாம். யாரும் கேட்க முடியாது. பிறகு உதயாவின் எண்ணை அழுத்தினாள்.

உதயா ஈரத் தலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். திரையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தகட்டைச் சாய்த்துச் சாய்த்துச் சொட்டு விட்டாள்.

"நீங்களா மேடம் செஞ்சீங்க? தனியாவா?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஆமா."

"நான் மூணு மாசமா இதுக்குத்தான் முட்டிக்கிட்டிருக்கேன். அரிச்ச இரும்புல எண்ணெய் நிக்குது, ஆனா கீறல் விழுந்தாச் செத்துப்போகுது." தகட்டை மேசையில் வைத்தாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பொறாமையா இருக்கு மேடம். சொன்னாத் தப்பா நெனச்சுக்காதீங்க. மொத நாளு ஜெட்டியில உங்க தகடுங்க இத்தனை வருசமா ஒரு கறைகூட இல்லாம தொங்குறதைப் பாத்தப்பவே வயிறு எரிஞ்சுச்சு. ஒரு புயல் வந்து எல்லாத்தையும் அத்துட்டுப் போகட்டும்னுகூட நெனச்சேன்."

விசாலாட்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை லேசாக இதைச் சொல்லிவிட முடியுமா? பொறாமையைக்கூட இவள் தன்னைவிட நன்றாகச் செய்கிறாளே என்று தோன்றியது. வாஷர் விஷயத்தைச் சொல்ல அதுதான் சமயம். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "டீ போடறேன், குடி," என்று மட்டும் சொன்னாள்.

அன்று பிற்பகல் முழுக்க இருவரும் வேலை செய்தார்கள். எந்த எண்ணெய் கடலில் நிற்கும், எது மீனுக்கு ஆகாது, கீறல் விழுந்தால் எண்ணெய் தானே பரவி மூடுமா என்று பேசிப் பேசித் தொண்டை காய்ந்தது. நடுவில் பெரிய சண்டையும் வந்தது. ப்ரைமரை எத்தனை தடிமனாகப் பூசுவது என்பதைப் பற்றி. உதயா விட்டுக்கொடுக்கவில்லை. விசாலாட்சியும் விடவில்லை. இரண்டு தடிமனிலும் செய்வதென்று முடிவாயிற்று.

கட்டுரை எழுதும்போது, யார் பெயர் முதலில் வருவது என்று எப்படிக் கேட்பது என்று விசாலாட்சி பல நாள் உள்ளுக்குள் குமைந்தாள். கடைசியில் உதயா அனுப்பிய பிரதியில் விசாலாட்சியின் பெயர்தான் முதலில் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்தது எரிச்சல்தான். சண்டை போட்டு வாங்கியிருந்தால் தன்னுடையதாக இருந்திருக்கும். இப்போது அது அவள் கொடுத்ததாகிவிட்டது.

புதிய தகடுகள் வண்டூர்ப் பக்கத்து ஜெட்டியிலும் ஹேவ்லாக்கிலும் தொங்கின. இரண்டு மழைக்காலம் தாண்டியும் பெரும்பாலானவை சுத்தமாக இருந்தன. எண்ணெய் வற்றிப்போன சிலவற்றில் கொட்டலசு ஏறியது. ஆனால் அடியில் இருந்த ப்ரைமர் இரும்பைக் காப்பாற்றியது. துறைமுகக்காரர்கள் ஹேவ்லாக்கில் ஒரு ஜெட்டியின் சில தூண்களுக்குப் பூசிப் பார்க்கச் சம்மதித்தார்கள். தடிமன் சண்டையைத் தகடுகள் தீர்த்துவைக்கவில்லை என்பதால் தூண்களிலும் இரண்டு தடிமனில் பூசினார்கள்.

செய்தித்தாளில் படம் வந்தது. தூணுக்குப் பக்கத்தில் உதயா நிற்கிற படம். தகர ஷெட்டிலிருந்து வந்த தீவின் மகள் என்று தலைப்பு. நாலாவது பத்தியில், மூத்த விஞ்ஞானி விசாலாட்சியும் இதில் பங்குபெற்றார் என்று ஒரு வரி.

கோவிந்தராஜ்தான் படித்துக் காட்டினார். படித்துவிட்டு மனைவியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எரியுதா?" என்றார்.

"எரியாம? பின்ன?" என்றாள் விசாலாட்சி.

டிபனைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். உதயா கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹேவ்லாக் படகு கிளம்ப அதிக நேரமில்லை. கடலுக்குள் இருக்கும் தூண்களின் முதல் அளவை அன்று எடுக்க வேண்டும். தடிமன் விஷயத்தில் யார் சொன்னது சரி என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். தான் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே விசாலாட்சி படியிறங்கினாள்.